ஜகாத் விருப்பக் கொடை அன்று

ஆசிரியருக்கு,

ரமலான் வந்தால் நாளிதழ்கள் நோன்புக் கஞ்சியைப் பற்றி விரிவாக எழுதுகின்றன. அந்த நோன்பு எந்த நம்பிக்கையின் பகுதி என்பதையும் இரண்டு வரி சேர்த்து எழுதலாம். இறைவன் ஒருவனே, முகம்மது நபி அவனுடைய தூதர் என்னும் கலிமா, ஐவேளைத் தொழுகை, நோன்பு, ஜகாத் என்னும் கட்டாயக் கொடை, இயன்றவர் வாழ்நாளில் ஒரு முறை நிறைவேற்றும் ஹஜ் ஆகியவை இஸ்லாத்தின் ஐந்து தூண்கள். மூசா (மோசே), ஈசா (இயேசு) உள்ளிட்ட முந்தைய நபிமார்களை ஏற்பதும் மறுமையை நம்புவதும் ஈமான் என்னும் இறைநம்பிக்கையில் அடங்கும்.

இவற்றுள் பிற சமயத்தவர் அதிகம் அறியாதது ஜகாத்தான். பலர், படித்தவர்களும்கூட, அதைத் தர்மம் என்றே எண்ணுகிறார்கள். தங்கத்தைக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 85 கிராமின் மதிப்புக்குக் குறையாத சேமிப்பு ஒரு சந்திர ஆண்டு முழுவதும் ஒருவரிடம் இருக்குமானால், அதில் 2.5 விழுக்காட்டை அவர் கொடுத்தே ஆக வேண்டும். இறையச்சம் உள்ளோரின் பொருளில் யாசிப்பவருக்கும் இல்லாதவருக்கும் உரிமை உண்டு என்கிறது குர்ஆனின் 51ஆம் அத்தியாயம். பெறத் தகுந்தோரை 9ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் எட்டு வகையாக வரையறுக்கிறது. கடனில் சிக்கியோரும் வழிப்போக்கரும் அவர்களுள் உண்டு. ஆண்டுக் கணக்கு எந்த மாதத்திலும் நிறைவடையலாம் என்பதால், ஜகாத்தை ரமலானுக்கு மட்டுமே உரியதாக எழுதுவதும் சரியன்று.

இப்படிக்கு,
வாசகர், நாகூர்