சளி பிடித்த குரல் என்றாயே

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண்புரை எடுத்த கையோடு எழுத உட்காரக் கூடாது என்று வீட்டில் ஒரே கெடுபிடி. டாக்டர் சொன்னதைவிட இவர்கள் சொன்னதுதான் அதிகம். இப்போது பரவாயில்லை, எழுத்து பளிச்சென்று தெரிகிறது. உன் பையனுக்கு மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். மருமகளுக்கும் அங்கேயே கிடைத்துவிட்டால் உன் அலைச்சல் குறையும்.

டிவி கூடாது, புத்தகம் கூடாது என்று உட்கார்த்தி வைத்திருந்த நாட்களில் பேத்தி அவள் போனில் பழைய படத்தைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். கண்ணை மூடிக்கொண்டு வசனம் மட்டும் கேட்பேன். அப்படித்தான் நடிகர் ரகுவரன் என்னைத் திரும்பவும் பிடித்துக்கொண்டார். போனில் சொன்னபோது நீ சிரித்தாய். "சளி பிடித்த மாதிரி ஒரு குரல், அதில் என்னடி இருக்கு?" என்றாய். அப்போது பதில் வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நம் சின்ன வயதில் பார்த்த வில்லன்களை யோசித்துப் பார். பி.எஸ். வீரப்பா சிரித்தால் கொட்டகை அதிரும். கெட்டவன் வந்துவிட்டான் என்று அந்தச் சிரிப்பே சொல்லிவிடும், நாமும் பயப்படத் தயாராகிவிடுவோம். அந்தப் பயத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ரகுவரனிடம் அந்த வசதி கிடையாது. சாதாரணமாகத்தான் பேசுகிறார். ஆனால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். மீதிப் பாதியில் என்ன வரப்போகிறது, கொஞ்சலா அறையா என்று தெரியாது. அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் தோன்றுகிறது, அதுதான் வேடிக்கை.

'புரியாத புதிர்' நினைவிருக்கிறதா? 1990, கே.எஸ். ரவிக்குமாரின் முதல் படம். மனைவியைச் சந்தேகப்பட்டே சாகிற கணவன் மாதிரி ஒரு பாத்திரம். 'ஐ நோ' என்ற இரண்டே சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்குத் தியேட்டரில் நான் பார்த்தது அவர் முகத்தையும் கண்ணையும்தான். இப்போது வெறும் காதால் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. ஒரு தடவை கிண்டல், அடுத்தது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, இன்னொன்று பல்லிடுக்கில் இருந்து வருகிறது. அர்த்தம் என்னவோ மாறவே இல்லை, "எனக்குத் தெரியும்" என்பதுதான். ஆனால் சொல்லச் சொல்ல, இந்த ஆளுக்கு ஒன்றுமே தெரியாது, தெரியாததுதான் அவனைத் தின்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

அதே வருடம்தான் மணிரத்னத்தின் 'அஞ்சலி'. பிறந்த குழந்தை செத்துவிட்டது என்று மனைவியிடம் பொய் சொல்லி, உயிரோடு இருக்கிற மகளை மறைத்து வைத்திருக்கும் அப்பா. குரலை அவர் துளியும் மாற்றிக்கொள்ளவில்லை. அதே அடித்தொண்டை, அதே இழுவை. அங்கே பயமுறுத்தியது இங்கே களைப்பாகக் கேட்கிறது. என் கணக்கு இதுதான் கோமதி: எதையோ உள்ளே அடக்கி வைத்திருக்கிற குரல் அது. அடக்கி வைத்திருப்பது வன்மம் என்றால் நடுங்குகிறோம், துக்கம் என்றால் கூடவே அழுகிறோம். 'பாட்ஷா'வில் அவர் செய்த வில்லன் மார்க் ஆண்டனியைப் பற்றி ஊரே பேசியாயிற்று, அதனால் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று. நம் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பில் பேசியதை வைத்துக்கொள்வதில்லை. பிறகு டப்பிங் அறையில், திரையில் ஓடும் உதட்டசைவைப் பார்த்து மறுபடி பேச வேண்டும். அப்படியானால் அந்த நிறுத்தம், அந்த மூச்சு எல்லாவற்றையும் அந்த மனிதர் இரண்டாம் முறை, மைக்குக்கு முன்னால் தனியாக நின்று செய்திருக்க வேண்டும். தற்செயலாக வந்ததாக எப்படிச் சொல்வது? அவருக்குச் சங்கீத ஞானமும் உண்டு. அவர் போட்ட பாட்டுகள், அவர் போன பிறகு தொகுப்பாக வெளிவந்தன. 2008 மார்ச்சில் போனார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நீ உடனே எம்.ஆர். ராதாவைக் கொண்டுவந்து நிறுத்துவாய், தெரியும். அவர் வேறு ரகம். ஒரே மூச்சில் கரகரவென்று கீழே கிடப்பார், சட்டென்று கீச்சென்று மேலே போவார். 'ரத்தக்கண்ணீர்' படத்தில் சி.எஸ். ஜெயராமன் 'குற்றம் புரிந்தவன்' பாடும்போது நடுநடுவே ராதா பேசுவாரே, அதை மட்டும் தனியாகக் கேட்டுப் பார். பாட்டு அழ வைக்கப் பார்க்கிறது, இவர் பேச்சு அழ விடமாட்டேன் என்கிறது. குரல் என்று பேச ஆரம்பித்தால் 1967 ஜனவரியும் நினைவுக்கு வந்துவிடுகிறது. ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்து எம்.ஜி.ஆரின் குரலே மாறிப்போயிற்று. அந்த மாறிய குரலிலேயே அவர் இன்னும் பத்து வருடம் கதாநாயகனாகப் பேசினார், ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். சரி, அது தனிக் கதை.

இப்போது வருகிற வில்லன்களில் பாதிப் பேருக்கு முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பேசுகிறவர்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் என்று எனக்கு அடையாளம் தெரிவதில்லை. எனக்கு வயசாகிவிட்டது என்பாய், அதுவும் இருக்கலாம்.

நீ நம்பியார் கட்சி. கையைப் பிசைந்துகொண்டு அவர் பேசுவதில் உனக்கு அப்படி என்ன பிடித்தது என்று இதுவரை சொன்னதே இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது. முட்டிக்கு அந்தத் தைலம் கேட்கிறதா, இல்லை டாக்டரிடமே போக வேண்டுமா? அதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
சரோஜா