வாக்னரும் வெளியேறியவர்களும்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் பற்றிய கட்டுரை படித்தேன். ‘யூத வெறுப்பு அந்தக் காலத்து ஐரோப்பாவில் எல்லோரிடமும் இருந்ததுதான், நாம் இசையை மட்டும் கேட்போம்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

யூதர்களுக்குச் சொந்தமாக இசை படைக்க வராது என்று வாக்னர் 1850இல் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். யூதராகப் பிறந்த இசையமைப்பாளர் மெண்டல்சோன் இறந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன; அவரை அதில் மட்டம் தட்டினார். பெயரைச் சொல்லாமல் மேயர்பேர் என்ற யூத இசையமைப்பாளரையும் சாடினார். பாரிஸில் கடனில் தத்தளித்த வாக்னருக்குக் கைகொடுத்தவரே மேயர்பேர்தான்! சரி, ஏதோ ஆத்திரத்தில் எழுதியது என்று விட்டுவிடலாம் என்றால், 1869இல் அதையே இன்னும் நீட்டிச் சொந்தப் பெயரில் வெளியிட்டார். காலத்தின் மேல் பழி போட இதில் இடமே இல்லை.

நானும் வாக்னர் ரசிகன்தான். அவருடைய ‘ட்ரிஸ்டான்’ ஓபராவின் தொடக்கத்தில் ஒரு சுரக்கூட்டு தீராமல் அந்தரத்தில் நிற்கும். சுமார் நாலு மணி நேரம் கழித்து, கடைசிக் கட்டத்தில்தான் அது அடங்கும். அப்போது என் மூச்சும் கூடவே அடங்கும். அந்த இசையில் வெறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் எனக்கு அகப்படவில்லை. ஆனால் நான் அப்படிச் சொல்வது சுலபம். என் வீட்டிலிருந்து யாரையும் வதைமுகாமுக்கு ரயிலேற்றவில்லை.

இன்றைய இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1938 நவம்பரில், ஜெர்மனியில் நாஜிகள் யூதர்களைத் தாக்கிய அந்த இரவுக்குப் பின், ஹிட்லர் போற்றிய வாக்னரை வாசிப்பதை நிறுத்தியது. 1981இல் நம்ம பம்பாய்க்காரர், இசைக்குழு நடத்துநர் ஜுபின் மேத்தா டெல் அவிவில் ‘ட்ரிஸ்டா’னின் இறுதிப் பகுதியை வாசிக்கவைத்தபோது, முகாமிலிருந்து தப்பிய ஒருவர் மேடை ஏறிச் சட்டையைத் திறந்து தழும்புகளைக் காட்டினார். அவரிடம் போய் ‘இசையை மட்டும் கேளுங்கள்’ என்று யார் சொல்வது?

2001 ஜூலையில் ஜெருசலேமில் இன்னொரு நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. அறிவித்த நிகழ்ச்சியை முடித்துவிட்டு, வாக்னர் வாசிக்கட்டுமா என்று அரங்கிடமே கேட்டார். அரை மணி நேரம் வாக்குவாதம். விரும்பாதவர்கள் திட்டிக்கொண்டே வெளியேறினார்கள். அதன் பிறகே ‘ட்ரிஸ்டான்’ முன்னிசை ஒலித்தது.

இருந்து கேட்டுக் கைதட்டியவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு பத்தி இருக்கிறது. எழுந்து போனவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி