சூடு காட்டிய மதர்போட்டைத் திருத்தியதென்று சொல்லி விற்காதீர்கள்
வன்னியின் மின்னணுப் பொருள் திருத்துநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா முதல் பரந்தன் வரையும், மல்லாவி முதல் முல்லைத்தீவு வரையும் தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி திருத்தும் கடைகளை நடத்துகின்ற அன்பர்களுக்கும், அவர்களிடம் தொழில் பழகும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

திரையில் படம் வராத மடிக்கணினியின் மதர்போட் எனும் முதன்மைப் பலகையைக் கழற்றி, கேக் சுடும் ‘அவன்’ (oven) அடுப்புக்குள் வைத்தெடுப்பதும், சுடுகாற்று ஊதும் ஹீட் கன்னை அதன் கிராபிக்ஸ் சிப்பின் மேல் சில நிமிடங்கள் பிடிப்பதும் இன்று சில கடைகளிலும் பல வீடுகளிலும் நடக்கின்றன. வைத்தெடுத்த பின் படம் வந்துவிடுவதும் உண்டு. அதனால் இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் வரவில்லை. படம் வந்ததைக் காட்டி முழுத் திருத்தக் கூலி வாங்குவதைப் பற்றியே எழுதுகிறேன்.

சூட்டால் உயிர்ப்பிக்கும் வித்தை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 1990 இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட வீடுகளே ஓய்ந்துபோன ரோச் பற்றரிகளை வெயிலில் காயவைத்து மறுபடியும் பாவித்தன. அந்த ரோச் பற்றரி, அதாவது நாகக் (சிங்க்) காபன் உலர்கலம், சூடேறும்போது அதன் பசைக்குள் அயன்களின் அசைவும் தாக்கவீதமும் கூடுவதால், எஞ்சிக் கிடக்கும் கொஞ்சச் சக்தியையும் கலம் விட்டுக்கொடுக்கும். அது அன்றைய இரவுச் செய்திக்குப் போதுமாயிருந்தது. ஆனால் வெயிலில் காய்ந்த பற்றரியைப் புதிய பற்றரி என்று எவரும் எவருக்கும் விற்கவில்லை.

மதர்போட்டில் நடப்பதை அநேகர் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாகங்களைப் பலகையுடன் ஒட்டும் பற்றாசு (சோல்டர்) வெடித்திருந்து, சூட்டில் உருகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்பதே கடைகளில் சொல்லப்படும் விளக்கம். பழைய ஈயப் பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும் என்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய சட்டம் 2006 யூலையில் நடைமுறைக்கு வந்த பின், உலகச் சந்தைக்குச் செய்யப்படும் பொருட்களில் பெரும்பாலும் வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த பற்றாசே இருக்கிறது. அது உருக ஏறக்குறைய 217 பாகை வேண்டும். வீட்டு அவனில் 200 பாகையில் பத்து நிமிடம் என்று கைமாறி வருகின்ற செய்முறை அந்த எல்லையைத் தொடுவதேயில்லை. அப்படியிருந்தும் படம் வருகிறதென்றால், ஒட்டியது பற்றாசு அல்ல.

பல சந்தர்ப்பங்களில் பழுது சிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிலிக்கன் சில்லை அதன் கீழ்த்தட்டுடன் இணைக்கும் நுண்ணிய பற்றாசு மணிகள், நாளாந்தம் சூடேறி ஆறும் விரிவாலும் சுருக்கத்தாலும் களைத்து வெடிக்கின்றன. வெளியிலிருந்து சூடு காட்டும்போது எல்லாம் சற்று விரிந்து, வெடித்த இரு முகங்களும் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். 2008 இல் கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா நிறுவனம் தனது சில மடிக்கணினிச் சிப்புகளின் பொதியமைப்பில் இருந்த பலவீனத்துக்காகப் பதினைந்து முதல் இருபது கோடி டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில் மைக்ரோசொப்ட், எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் விளையாட்டுக் கருவி பழுதாகிவந்ததால் அதன் உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, நூறு கோடி டொலருக்கு மேல் அதற்கென ஒதுக்கியது. அந்தக் கருவியைத் துவாயால் சுற்றி அதன் சொந்தச் சூட்டிலேயே வேகவிட்டு உயிர்ப்பித்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். துவாய்க்குள் பற்றாசு உருகாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதல்ல. ஆகவே இத்தகைய சிப்பைக் கழற்றி, அதைப் பலகையுடன் இணைக்கும் புதிய மணிகளைக் கீழே இட்டு வைத்தாலும் பயனில்லை. சிப்பையே மாற்ற வேண்டும்.

என் கருத்தில், சூடு ஒரு சோதனை. சூடு காட்டப் படம் வந்தால், பழுது எந்தப் பக்கம் இருக்கிறதென்று திருத்துநருக்குத் தெரிகிறது. வாடிக்கையாளருக்குத் தன் கோப்புகளையும் பிள்ளைகளின் படங்களையும் பிரதியெடுக்க ஓர் அவகாசம் கிடைக்கிறது. அது சிறிய உதவியல்ல, அதற்குக் கூலி கேட்பதும் நியாயம். ஆனால் சில கிழமைகளில் மறுபடி இருண்டுவிடக்கூடிய ஒன்றுக்கு, நெல் விற்ற காசில் வந்தவரிடம் முழுக் கூலி வாங்குவது நியாயமல்ல.

அந்தச் சோதனைக்கும் சமையல் அவன் ஏற்றதல்ல. பலகையின் பிசினும் பற்றவைக்கப் பூசிய பிளக்ஸின் எச்சமும் சூட்டில் ஆவியாகி அவனின் சுவரில் படியும்; பழைய பலகையென்றால் ஈயத் துகளும் ஒட்டக்கூடும்; அடுத்த நாள் அதில் கேக் வேகும். 105 பாகை என்று அச்சிட்ட கொள்ளளவிகளை (கப்பாசிற்றர்களை) 200 பாகையில் வைத்தால் அவை வீங்கும். ஈரம் உறிஞ்சிய சிப்பைச் சட்டெனச் சூடாக்கினால் உள்ளே ஆவி பெருகி அது பிளக்கும். தொழிற்சாலைகள் இத்தகைய சிப்புகளை முதலில் 125 பாகையில் மணிக்கணக்காக உலர்த்துவது அதனால்தான். மாரி மழையின் ஈரத்தில் வேலை செய்யும் எங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். லிதியம் பற்றரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்க வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். அப்பாவின் ரோச் பற்றரிக்குச் சரிவந்தது தொலைபேசிப் பற்றரிக்குச் சரிவராது, அது தீப்பிடிக்கக்கூடும்.

இளஞ்சூட்டுக்கு நல்ல பயன்கள் இருக்கின்றன: தொலைபேசித் திரையின் பசையை இளக்குவது, நனைந்த பலகையைக் கழுவிய பின் உலர்த்துவது. (அரிசிக்குள் புதைப்பதை மட்டும் விட்டுவிடலாம், ஆப்பிள் நிறுவனமே 2024 இல் அதைச் செய்யவேண்டாமென்று அறிவுறுத்தியிருக்கிறது.)

சிப்பை மாற்றுவதற்குக் கீழிருந்து சூடாக்கும் மேடையும், வெப்பநிலையை அளக்கும் வெப்பவிணையும், பழகிய கையும் வேண்டும். ஒவ்வொரு கடையும் இவற்றை வாங்க இயலாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் அருகருகே இருக்கின்றன. கடைக்காரர்களுக்கென வார இறுதிப் பயிற்சியொன்றை நடத்தும்படி நீங்கள் கூட்டாக எழுதிக் கேட்டால், என் கையொப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதுவரை, சூடு காட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு பொருளின் பற்றுச்சீட்டிலும் ‘சூடு காட்டப்பட்டது; பழுது நீங்கவில்லை; கோப்புகளை உடனே பிரதியெடுக்கவும்’ என்று எழுதி, சோதனைக் கூலியை மட்டும் வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
துணுக்காய்.