பாப்பாவுக்கு, கான்சியிலிருந்து

கான்சி,
போட்ஸ்வானா,
பிப்ரவரி 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். இப்போது ஐந்து வாரமாக அதுவும் இல்லை. பொங்கலுக்கு அம்மா அனுப்பிய படத்துக்கு இரண்டு நீலக் குறி விழுந்ததோடு சரி. உனக்கு வேலை அதிகம், தெரியும். முப்பது பேரை மேய்த்து வேலை வாங்குவது சாதாரண விஷயமா? கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஐந்து வாரம், பாப்பா.

ராத்திரியில் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வராதே. இரும்புச் சத்து மாத்திரையை விடாதே.

இங்கே இந்த வருடம் நல்ல மழை. டிகார் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் புல் இடுப்பளவு நிற்கிறது. மொரெட்லுவா காட்டுப்பழம் பழுத்துவிட்டது, பிள்ளைகள் டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்து விற்கிறார்கள். அம்மாவின் ஹெரேரோ இனத்துச் சிநேகிதி சார்ல்ஸ்ஹில்லிலிருந்து வந்திருந்தார். அந்த மாட்டுக்கொம்புத் தலைப்பாகையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று நீ அடம்பிடித்தாயே, அவர்தான். 1904-ல் ஜெர்மன்காரர்கள் அவர்கள் ஜனங்களைக் கொன்று விரட்டியபோது அவருடைய பாட்டி கைக்குழந்தையாம், பாலைவனத்தைத் தாண்டி முதுகில் தூக்கி வந்தார்களாம். அதை நூறாவது முறையாகச் சொல்லிவிட்டு, "பாப்பா எப்போது வருவாள்?" என்று கேட்டார். அம்மா டீ போட எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சேலம் சித்தி போனவாரம் பேசினாள். நம் ஊரை இன்னும் காஞ்சி என்றுதான் சொல்கிறாள். அவளுக்கு மூட்டுவலி குறையவில்லை. வேறு ஒன்றும் விசேஷமாகப் பேசவில்லை.

நான் எழுத வந்தது வேறு. சென்ற வியாழக்கிழமை கடைக்கு ஒருவர் வந்தார், நாற்பது வயதிருக்கும். கூட ஒரு பெண், பதின்மூன்று வயதுபோல. ஆறு நோட்டு, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், ஓமாங் அடையாள கார்டுக்கு இரண்டு ஜெராக்ஸ். கார்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும்போதுதான் பெயரைப் பார்த்தேன். நிமிர்ந்தால் அவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். "சார், நீங்கள் என்னைப் பிடிக்க வந்தீர்களே" என்றார்.

இதை உனக்குச் சொன்னதே இல்லை. அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

1998, இதே பிப்ரவரி. நீ ஏற்காட்டு ஹாஸ்டலுக்குப் போய் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முந்தின வருடம்தான் காடேயில் இருந்த சான் ஜனங்களை லாரிகளில் ஏற்றி, மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்துக்கு வெளியே கொண்டுவந்து, நியூ காடே என்று பெயர் வைத்த இடத்தில் இறக்கியிருந்தார்கள். கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு என்று சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். ஐம்பத்திரண்டாயிரம் சதுர கிலோமீட்டர் காப்பகம், தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. 1961-ல் அதை அறிவித்தபோது மிருகங்களுக்கு மட்டும் என்று அறிவிக்கவில்லை, அந்த ஜனங்களும் அங்கேயே வாழ்வதற்காகத்தான். மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலானவர்களை 2002-ல் வெளியேற்றினார்கள். காப்பகத்துக்குள் மொதோமெலோவில் இருந்த ஒரே ஆழ்துளைக் கிணற்றையும் மூடிவிட்டார்கள். 2006 டிசம்பர் 13-ஆம் தேதி லோபாட்சே உயர் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர், வெளியேற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அப்புறமும் தண்ணீருக்குத் தனி வழக்கு, அது 2011-ல்தான் முடிந்தது. பிடிவாதக்காரர்கள் என்று டவுனில் பேசிக்கொள்வார்கள். நானும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அப்படிப் பேசியிருக்கிறேன்.

நியூ காடேயில் ஆரம்பப் பள்ளி முடித்த பிள்ளைகளை ஜனவரியில் அரசாங்க லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். நான் வேலை பார்த்த பள்ளியின் ஹாஸ்டலுக்கும் வந்தார்கள். குயி, கானா, நாரோ என்ற சான் பாஷைகள் பேசுகிற பிள்ளைகள். வகுப்பில் செட்ஸ்வானாவும் இங்கிலீஷும்தான். நாக்கைத் தட்டிப் பேசினால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நாங்கள் அதட்டுவோம். யாரை அதட்டுவோம் தெரியுமா? பேசினவனை. அந்த நாலு தட்டலையும் நீ ஆறு வயதில் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாய், எனக்கு இன்றுவரை இரண்டுதான் வருகிறது. முதல் லீவுக்கு ஏற்காட்டிலிருந்து வந்தபோது, "எங்கே, பேசிக் காட்டு" என்றேன். மறந்துவிட்டது என்றாய். பத்து மாதத்தில் எப்படி மறக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

கடைக்கு வந்தாரே, அவர்தான் அந்தப் பையன். ஹாஸ்டலுக்கு வந்த நாலாவது வாரம் காணாமல் போனான். கான்சியிலிருந்து நியூ காடே சுமார் நூறு கிலோமீட்டர். இரண்டு ராத்திரி, மூன்று பகல் நடந்திருக்கிறான். மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கிறான், மொரெட்லுவா பறித்துத் தின்றிருக்கிறான், பண்ணை வேலிகளுக்கு அடியில் நுழைந்து போயிருக்கிறான். ஹாஸ்டல் பதிவேட்டில் "ஓடிவிட்டான்" என்று என் கையால் எழுதினேன். பதினாலு வயதுப் பையன் தன் வீட்டுக்கு நடந்து போயிருக்கிறான், பாப்பா. அதற்கு நாங்கள் வைத்த பெயர் அது.

பிக்கப் எடுத்துக்கொண்டு நானும் டிரைவரும் போனோம். பையன் தன் அப்பாவுக்குப் பக்கத்தில், காலோடு கால் ஒட்ட உட்கார்ந்திருந்தான். பாதம் இரண்டும் வெடித்திருந்தன, ஏதோ கொழுப்பைத் தடவி வைத்திருந்தார்கள். எனக்குத் தகர டம்ளரில் கறுப்பு டீ கொடுத்தார்கள், சர்க்கரை தூக்கலாக. படிப்பு, எதிர்காலம், வேலை என்று நான் சொல்வதை டிரைவர் அவர்கள் பாஷையில் சொன்னான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் அப்பா ஒரு கேள்வி கேட்டார், உங்களுக்குப் பிள்ளை இருக்கிறதா என்று. ஒரு பெண், ஒன்பது வயதிலிருந்து எங்கள் நாட்டில் ஹாஸ்டலில் படிக்கிறாள் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, "அங்கேயும் லாரி வந்ததா?" என்று கேட்டார்.

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை, நானே கொண்டுபோய் விட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்" என்று தலையாட்டினேன். அவர் பாவம் என்பதுபோல் என் தோளைத் தொட்டார். அப்புறம் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த மாதம்தான் உன் கடிதம் வந்தது. ரோஸ் கலர் தாளை இன்லாண்ட் லெட்டர் மாதிரி நீயே மடித்து ஒட்டி, உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தாய். "அப்பா நான் கான்சியிலேயே படிக்கிறேன், செட்ஸ்வானா கற்றுக்கொள்கிறேன், சண்டை போட மாட்டேன்" என்று நாலு வரி. "கற்றுக்கொள்கிறேன்" என்பதில் சின்ன ர போட்டிருந்தாய். நான் என்ன செய்தேன் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். இருக்கக் கூடாது என்று இத்தனை வருடமும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு மையால் ஐந்து பிழையைத் திருத்தி, அதே தாளைத் திருப்பி அனுப்பினேன். அம்மாவுக்குக் காட்டவில்லை. காட்டினால் அழுவாள், அழைத்துக்கொண்டு வா என்பாள் என்று பயம். அதற்குப் பிறகு வந்த உன் கடிதங்களில் ஒரு பிழையும் இல்லை. இங்கே வருகிறேன் என்றும் நீ கேட்கவில்லை. நன்றாகப் பழகிவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

நீ படித்தாய், இன்று இந்த நிலைமையில் இருக்கிறாய். அதில் எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பையன் நடந்தான். உனக்கும் எனக்கும் நடுவில் கடல் இருந்தது, உன்னால் நடக்கவும் முடியாது.

ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "இவளை ஹாஸ்டலில் விடவில்லை சார். என் தங்கை இங்கே கவுன்சிலில் வேலை பார்க்கிறாள், அவள் வீட்டில் தூங்குவாள். வெள்ளிக்கிழமை நான் வந்துவிடுவேன்." காசு வாங்க மாட்டேன் என்றேன், வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அப்பாவைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. காப்பகத்துக்குள்ளே சொந்த மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்று ஒரு குடும்பம் கோர்ட் கோர்ட்டாக அலைந்து, 2021 டிசம்பரில் இறந்த பெரியவரை மூன்று வருடம் கழித்து 2024 டிசம்பரில்தான் மெட்சியமானோங்கில் புதைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இவர் அப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

சரி, மறைப்பானேன். சித்தி சொல்லிவிட்டாள். ஏற்காட்டில் லோக்கல் கார்டியனாகக் கையெழுத்துப் போட முடியுமா என்று நீ கேட்டாயாம். உனக்கும் அவள்தான் போட்டாள். அவள்மேல் கோபப்படாதே, தாங்க முடியாமல்தான் சொன்னாள், மூட்டுவலிக்காரி. நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், உங்கள் கஷ்டம் உங்களுக்கு. மாப்பிள்ளையிடம் நான் பேசியதாக இருக்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் பேரனுக்கு இன்னும் ஒன்பது முடியவில்லை.

கடையை எடுத்துக்கொள்ள ஆள் தயாராக இருக்கிறது. மே மாதத்துக்குள் கணக்கை முடித்துவிட்டு நானும் அம்மாவும் மஸ்கட் வந்துவிடுகிறோம். ஹாலில் படுத்துக்கொள்கிறோம். காலையில் அவனை ஸ்கூல் பஸ் ஏற்றி, மத்தியானம் இறக்கிக்கொள்கிறேன், அம்மா சமைப்பாள். வீட்டுப் பாடத்தில் தலையிட மாட்டேன். சிவப்புப் பேனா கையில் எடுக்க மாட்டேன். உங்களுக்குச் சரிப்படாது என்றால் அதையாவது எழுது. ஏற்காட்டில் பணம் கட்டுவதற்கு முன்னால் எழுது.

அம்மா மொரெட்லுவா காயவைத்து ஒரு பொட்டலம் வைத்திருக்கிறாள். உன் பள்ளிப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொன்னபோது கஸ்டம்ஸில் பிடிப்பார்கள் என்று நான் எடுத்துப் போட்டேனே, அதே பழம். வரும்போது கொண்டுவருகிறோம்.

மாத்திரையை விடாதே. ராத்திரியில் வண்டி ஓட்டாதே.

இப்படிக்கு,
அப்பா