சிறுநீர் மாதிரியைப் புதிதாகக் கேட்டு வாங்கிப் பார்த்த சகோதரிக்கு

தம்பியின் நலனுக்காக எங்களோடு நின்ற அனைவருக்கும் வணக்கம்.

தம்பியின் சிறுநீரில் ரத்தம் வந்ததிலிருந்து நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றை மறுபடியும் விவரிக்க எனக்குத் தெம்பும் இல்லை. திசுப் பரிசோதனையின் முடிவு வந்து, நோயின் பெயர் தெரிந்து, மருந்தும் தொடங்கிவிட்டது என்ற ஆறுதலில் இதை எழுதுகிறேன். இரவில் கண்விழித்தவர்கள், குழந்தைகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள், அலுவலகத்தில் தம்பியின் வேலையைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டவர்கள், கேட்பதற்கு முன்பே பணம் தந்தவர்கள் என ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன். இந்த மடலின் பெரும்பகுதியை, எங்களுக்கு முன்பின் அறிமுகமே இல்லாத ஒருவருக்கு ஒதுக்க நீங்கள் அனுமதிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் பணிபுரியும் சகோதரிக்கு: பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. காலையில் எடுத்து வைத்திருந்த சிறுநீரை நாங்கள் கொண்டுவந்து நீட்டியபோது, அதில் ஸ்ட்ரிப்பை (நிறம் மாறிக் காட்டும் பரிசோதனைப் பட்டையை) நனைத்து, ரத்தம் இருக்கிறது என்று அறிக்கையில் குறித்து எங்களை அனுப்பியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. நீங்களோ அது எப்போது எடுத்தது என்று கேட்டீர்கள். நேரம் ஆக ஆகச் சிறுநீரில் உள்ள அணுக்கள் உடைந்து சிதைந்துவிடும் என்பதைப் பொறுமையாக விளக்கி, அப்போதே புதிதாக எடுத்துத் தரச் சொன்னீர்கள். “ஸ்ட்ரிப் ரத்தம் இருப்பதை மட்டும்தான் காட்டும், அது எங்கிருந்து வருகிறது என்று காட்டாது” என்று நீங்கள் சொன்னதன் முழுப் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. தசை கடுமையாகச் சிதையும்போது வெளிவரும் ஒரு நிறமிக்குக்கூட அந்த ஸ்ட்ரிப் நிறம் மாறும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

நேரம் முடிந்து மற்றவர்கள் கிளம்பிக்கொண்டிருந்த வேளையில், அந்தப் புதிய மாதிரியைக் கருவியில் வைத்துச் சுழற்றி, அடியில் தங்கிய படிவை நுண்ணோக்கியில் வைத்து நீங்கள் பார்த்ததும், கண்டதை எழுதி அறிக்கையோடு இணைத்துவிடாமல் மருத்துவரின் அறைக்கே நடந்து சென்று சொன்னதும் எங்களுக்கு அவர் சொல்லித்தான் தெரியும். சிவப்பணுக்கள் வட்டமாக இல்லாமல் ஒடுங்கியும், மொட்டு விட்டதுபோல் புடைத்தும் இருந்தன. சிவப்பணுக்கள் பொதிந்த உருளை வார்ப்புகளும், அதாவது புரதம் உறைந்து உருளை வடிவில் திரண்டவையும், இருந்தன. கல்லாலோ தொற்றாலோ கட்டியாலோ சிறுநீர்ப் பாதையில் கசியும் ரத்தத்தில் அணுக்கள் பெரும்பாலும் தம் வடிவத்தோடு இருக்கும் என்றும், சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளைப் பிதுங்கிக் கடந்து வருபவைதான் இப்படி உருக்குலையும் என்றும் மருத்துவர் விளக்கினார். அந்த வார்ப்புகள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் மட்டுமே உருவாகக்கூடியவை. ஆக, ரத்தம் சிறுநீரகத்திலிருந்தே வருகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கேனில் கல் இல்லை. தொற்றாக இருக்கலாம் என்று ஆன்டிபயாடிக் தரப்பட்டிருந்தது. சிறுநீரின் நிறமும் தெளியத் தொடங்கியிருந்தது. நீங்கள் நுண்ணோக்கியில் பார்த்திராவிட்டால், மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் மகிழ்ந்து வீடு திரும்பியிருப்போம். தம்பிக்கு வந்திருப்பது ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி, அதாவது ஐ.ஜி.ஏ. என்ற நோயெதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் படிந்து உண்டாகும் அழற்சி. அதில் தொண்டைவலி வந்த ஓரிரு நாளிலேயே சிறுநீர் கறுத்த தேநீர்போல் போவதும், பிறகு தானாகவே தெளிவதும் வழக்கமாம். தொண்டைத் தொற்று ஆறி, ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து அப்படி நேர்ந்தால் அது வேறொரு சிறுநீரக அழற்சியாக இருக்கக்கூடும். அது குழந்தைகளிடம்தான் அதிகம். நிறம் தெளிந்தாலும் உள்ளே சேதம் ஓசையின்றித் தொடரலாம் என்பதால்தான் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் கசியும் புரதத்தையும் இனி விடாமல் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

உறவினர்களும் நண்பர்களும் அக்கறையோடு சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மையில் இருக்கக்கூடியவைதாம். கல், தொற்று, வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரகம், காசநோய், அடிபடுதல், கடும் ஓட்டப்பயிற்சி எனப் பட்டியல் நீளமானது. பீட்ரூட்டும் காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்தும் ரத்தமே இல்லாமல் நிறத்தை மாற்றிவிடும். சிறுநீரின் தொடக்கத்தில் மட்டும் சிவந்தால் வெளியேறும் குழாயையும், முடிவில் மட்டும் என்றால் சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியையும், முழுவதும் சிவந்தால் சிறுநீர்ப்பையையோ அதற்கு மேலுள்ளவற்றையோ மருத்துவர்கள் சந்தேகிக்கிறார்கள். ரத்தக்கட்டிகள் விழுந்தால் வடிகட்டிகள் காரணமாக இருக்கும் வாய்ப்புக் குறைவு.

நம் வீட்டுப் பெரியவர்களுக்காக ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதை எங்களுக்குச் சொன்னவரும் அதே மருத்துவர்தான். வலியே இல்லாமல் சிறுநீர் ஒருமுறை சிவந்து, மறுநாள் நின்றுவிட்டாலும் அதை விட்டுவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பல நேரங்களில் அப்படித்தான் தலைகாட்டுகிறது. புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கலாகாது. அவர்களுக்கும் முழுப் பரிசோதனை வேண்டும். வலித்தால் மட்டுமே மருத்துவரிடம் ஓடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம் என்பது என் எண்ணம்.

பொறுமையாகப் படம் வரைந்து விளக்கிய மருத்துவருக்கும், திசுப் பரிசோதனைக்குப் பின் தம்பி அசையாமல் படுத்திருந்த நேரம் முழுவதும் அழுத்தத்தையும் சிறுநீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எந்த நேரத்திலும் முகம் சுளிக்காத துப்புரவுப் பணியாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இனி என்னிடம் யாரேனும் சிறுநீரில் ரத்தம் என்று சொன்னால், நானாக ஒரு காரணத்தை ஊகித்துச் சொல்ல மாட்டேன். புதிதாக எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தார்களா என்று கேட்பேன். இல்லையென்றால் உடன் அழைத்துச் செல்வேன். சகோதரி, தம்பியின் அடுத்த பரிசோதனைக்கு நாங்கள் வெறுங்கையோடுதான் வருவோம். மாதிரியை அங்கேயே எடுத்துத் தருகிறோம்.

நன்றியுடன்,
தம்பியின் அக்கா