அட்டாலியில் கிடக்கும் கணக்குகளை இறக்குங்கள்

ஈரோடு, கோவை, பொள்ளாச்சி, கரூர், சேலம் வட்டாரத்து வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும், தலைமுறை தலைமுறையாக மண்டி நடத்திவரும் குடும்பத்தாருக்கும்,

வணக்கம். அந்தக் காலத்துச் சுங்கச் சாவடிகளின் கதையை எழுத, உங்கள் வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், கிடக்கும் பழைய கணக்குப் புத்தகங்களைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

சங்கத்து ஆண்டு விழாக்களில் கொங்கு வணிகத்தின் பெருமையைப் பேச எழுந்தால், ரோமானியக் காசில் தொடங்கி, சுங்கம் தவிர்த்த குலோத்துங்கனுக்கு ஒரு கைதட்டல் வாங்கி, அப்படியே நூற்பாலைக்குத் தாவிவிடுகிறோம். நடுவே கும்பினி, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆட்சி வருகிறது. அந்தக் காலத்தில் ஒரு வண்டிச் சரக்கு ஊர் தாண்டிப் போக யாருக்கு எத்தனை இடத்தில் காசு கட்டியது என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. கோவையில் சுங்கம் நிறுத்தத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். அவர்களுக்கும் அது பேருந்து நிற்கும் இடம், அவ்வளவுதான்.

1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலத்தையும் மலபாரையும் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். கோவைச் சீமை மட்டும் அவரிடமே நின்றது. ஒரு வரைபடத்தை விரித்து இதைப் பாருங்கள். காவிரிக்கு இந்தப் பக்கம் ஈரோடு, அது திப்புவுடையது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையம், அது கும்பினியுடையது. மேற்கே வாளையாற்றைத் தாண்டினால் பாலக்காடு. அதுவும் கும்பினிதான், ஆனால் அப்போது பம்பாய் அரசாங்கத்தின் கீழ். சேலத்துத் துணியை மாட்டின் மேல் பொதியேற்றிப் பாலக்காட்டுக்கு ஓட்டிப்போகிறவர் கும்பினி மண்ணில் கிளம்பி, திப்புவின் மண்ணைக் கடந்து, மறுபடியும் கும்பினி மண்ணிலேயே இறங்க வேண்டும். வழியில் ஒரு முழம் துணிகூட விற்கவில்லை. கடந்துதான் போகிறார். அவரிடம் சுங்கம் கேட்கும் உரிமை யாருக்கு, எத்தனை முறை? அந்த ஏழு வருஷம் நம் கொங்கு நாட்டின் நடுவே ஓடிய எல்லையை நம் பள்ளிக்கூடங்களில் யாரும் சொல்லித் தருவதில்லை.

1799இல் திப்பு வீழ்ந்தார், கோவையும் கும்பினிக்கு வந்தது. ஒரே ஆட்சி ஆகிவிட்டதே, இனிச் சரக்கு தடையில்லாமல் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போகவில்லை. உள்நாட்டுச் சரக்கின் மேல் போட்ட தீர்வைக்குச் சாயர் என்று பெயர். பழைய ராஜாக்கள் வைத்த சுங்கச் சாவடிகளைக் கும்பினி இடித்துத் தள்ளிவிடவில்லை, எடுத்து நடத்தியது. சில காலம் அமானியாக அரசே வசூலித்தது, சில காலம் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்கு எடுத்தவர் ஏலத்தில் கட்டிய பணத்தை எப்படியாவது திரும்ப எடுத்தாக வேண்டும் அல்லவா? ஒரு சாவடியில் கட்டி வாங்கிய ரவானாச் சீட்டை (சரக்கைக் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு) அடுத்த சாவடிக்காரன் ஒத்துக்கொள்கிறானா, மூட்டையை அவிழ்க்கச் சொல்கிறானா, மழை வரும் நேரம் பார்த்து வண்டியை நிறுத்திவைக்கிறானா என்பதில்தான் வியாபாரியின் லாபமும் நஷ்டமும் இருந்தது. கும்பினி அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன் 1830களில் வங்காளத்து உள்நாட்டுச் சுங்கத்தைப் பற்றி எழுதிய அறிக்கையின் சாரமும் இதுதான்: அரசுக்கு வரும் வருமானம் கொஞ்சம், சாவடியில் வணிகம் படும் பாடு ரொம்ப. (இதே மனிதர் பின்னால் சென்னை ஆளுநராக வந்து, புது வரிகளை எதிர்த்ததால் 1860இல் திருப்பி அழைக்கப்பட்டார். நமக்கு வேண்டிய ஆள்!)

வங்காளத்தில் 1836இல் அந்தச் சாவடிகள் போயின. சென்னை மாகாணம் 1844ஆம் ஆண்டின் 6ஆம் சட்டம் வரை காத்திருந்தது. சரி, வந்ததே என்று மகிழலாம் என்றால், போன வருமானத்தை ஈடுகட்ட அதே ஆண்டில் உப்பு விலையை ஏற்றினார்கள். எதிர்ப்புக்குப் பிறகு இறக்கினார்கள் என்றாலும், கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். வியாபாரியின் மூட்டையிலிருந்து இறக்கிய சுமையைக் கூலிக்காரன் வீட்டுக் கஞ்சிச் சட்டியில் கொண்டுபோய் வைத்தார்கள். நம் முன்னோர் இதில் ஆதாயம் அடைந்த பக்கம். அதையும் சேர்த்துத்தான் நாம் பேச வேண்டும்.

புகையிலை இன்னும் காரமான சமாச்சாரம். கோவை ஜில்லாப் புகையிலைக்கு மலபாரில் பெரிய கிராக்கி. கும்பினி அதைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைவித்தவன் கும்பினி வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும், மலபாரில் தின்பவன் கும்பினி சொன்ன விலைக்கே வாங்க வேண்டும். நடுவில் இருந்த இடைவெளி அவ்வளவு பெரிது என்றால் என்ன நடக்கும்? பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மலைத்தடங்கள் வழியாகவும் இரவில் சுமை போயிற்று. கள்ளக் கடத்தல் என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். அதே காலத்தில் கோவைக் கலெக்டர் கச்சேரிக்குள்ளேயே, அதாவது அலுவலகத்துக்குள்ளேயே, பெரிய மோசடி நடந்து, கலெக்டர் வில்லியம் காரோவும் கஜானாவைப் பார்த்த காசிச் செட்டியும் அதில் சிக்கினார்கள். 1816இல் தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் அதை விசாரித்தார்கள். ஊட்டி சல்லிவனாக அவரை நமக்குத் தெரியும், இந்த விசாரணைக்காரராகத் தெரியாது. ஏகபோகம் கடைசியில் 1850களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தது.

அப்புறம் பொள்ளாச்சிக்காரர்களின் கதை. கோபாலபுரம் தாண்டினால் சித்தூர். அது கொச்சி ராஜாவின் மண். அதையும் தாண்டினால் பாலக்காடு, மறுபடி ஆங்கிலேயர் மண். 1792 காலத்துச் சிக்கலை அப்படியே சின்னதாக்கி வைத்தது போன்ற பாதை. 1862இல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் ஓடத் தொடங்கியபோதும் மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை இருந்தது. 1865இல் சென்னை அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் ஓர் உடன்படிக்கை செய்து, புகையிலை, உப்பு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற சரக்குகளுக்குத் தங்களுக்குள் சுங்கத்தை விட்டுவிட்டன. இரண்டு சமஸ்தானங்களுக்கும் இழப்பீடு கிடைத்தது. வண்டிக்காரருக்கு என்ன கிடைத்தது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். நான் மேலே சொன்ன எல்லாமே அதிகாரிகள் எழுதிவைத்தது. பாரமகால் ஆவணங்களும் வருவாய் வாரியக் கடிதங்களும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சாவடியில் மாமூலாக எவ்வளவு போயிற்று, எந்தச் சுற்றுப்பாதையில் போனால் எவ்வளவு மிச்சம், எந்த ஊர்ச் சாவடிக்கு எந்த மாதம் பயந்தார்கள் என்பதெல்லாம் உங்கள் கொள்ளுத்தாத்தாக்களின் நாள்வழியிலும் பேரேட்டிலும் சிட்டாவிலும்தான் இருக்க முடியும். 1844க்கு முந்தியது கிடைத்தால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் ஓலையாகத்தான் இருக்கும். அதற்குப் பிந்திய சித்தூர்ப் பாதைக் கணக்குகள் கிடைத்தால்கூடப் போதும். பழைய மண்டிகளை இடித்துக் காம்ப்ளெக்ஸ் கட்டும்போது இவையெல்லாம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

இரண்டு தயக்கங்கள் உங்களுக்கு இருக்கும் என்று தெரியும். தாத்தா கள்ளப் புகையிலை ஓட்டினார் என்று வெளியே தெரிந்தால் கேவலம் என்பது ஒன்று. அந்த விலைக்கு யாராக இருந்தாலும் ஓட்டியிருப்பார்கள், ஏளனம் செய்ய இன்று ஆளில்லை. இன்னொன்று கணக்கு வெளியே போகிறதே என்ற பழைய பயம். நூற்றைம்பது வருஷத்துப் பேரேட்டை வருமான வரித்துறை வந்து கேட்காதுங்க.

புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றுகூட இல்லை. லேமினேட் செய்யாதீர்கள், தையலைப் பிரிக்காதீர்கள், பக்கம் பக்கமாகப் படம் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கொடுக்க மனமிருந்தால் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. மாகாணி, வீசம், அரைக்கால் என்று பின்னங்களைத் தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அதைப் படிக்கத் தெரிந்த கிழவர்கள் எங்களைப் போல இன்னும் சிலர் இருக்கிறோம், பணம் கேட்க மாட்டோம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வைத்து, ஊருக்கு ஒருவரைப் பொறுப்பாகப் போட்டால் போதும். தை பிறக்கும் முன்னால் வெள்ளையடிக்க வீடுகளைக் காலி செய்வீர்கள். தீர்மானம் அதற்கு முன்னால் வரட்டும்.

இப்படிக்கு,
ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன்