தம்பிக்கு அம்மா எழுதறது

டேய் தம்பி,

போன் எடுக்க மாட்டேங்கற, மெசேஜ் போட்டா "ட்யூட்டில இருக்கேன்மா"னு ஒரே வரி, அதான் எழுதறேன். சாப்பிடறியா, தூங்கறியா, அதைத் தவிர வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். அன்னைக்கு நியூஸ்ல வந்ததைப் பத்தியும் கேக்கல. அக்காவும் கேக்க மாட்டா, சொல்லி வச்சிருக்கேன்.

அப்பா பேசினதை மனசுல வச்சுக்காத. போன தடவை நீ வந்தப்ப உன் போலீஸ் ஸ்னைப்பர் வேலையைப் பத்தி "நூறு மீட்டர்ல சுடறதெல்லாம் ஒரு சுடறதாடா"னு சிரிச்சாருல்ல, உன் மூஞ்சி சுருங்கினதை நான் பாத்தேன். ஆர்மில ஸ்னைப்பர் பசங்களுக்கு சொல்லிக் குடுத்தவரு, அவருக்கு தூரம்தான் கணக்கு. 800 மீட்டர், காத்து எந்தப் பக்கம், கானல் எப்படி ஆடுது, பக்கத்துல தூரமும் குறியும் பாத்துச் சொல்ற ஸ்பாட்டர் என்ன சொல்றான், புல்லும் சாக்குத்துணியும் மேல கட்டிக்கிட்டு மணிக்கணக்கா தவழ்ந்து போய் யார் கண்ணுலயும் படாம திரும்பி வர்றது, இதான் அவரு பாடம். 2009ல ஆப்கானிஸ்தான்ல பிரிட்டிஷ் ஆர்மிக்காரர் ஒருத்தர் 2,475 மீட்டர்ல அடிச்ச கதையை வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்வாரு. அதுக்கு முன்னாடி பல குண்டு போட்டு தூரத்தை திருத்தித் திருத்திதான் அது பட்டுச்சுங்கறதை மட்டும் விட்டுடுவாரு. நான்தான் எடுத்துக் குடுப்பேன், அப்ப மூஞ்சியத் திருப்பிக்குவாரு.

உனக்கு ஏதுடா திருத்தறதுக்கு குண்டு? பணயமா பிடிச்சவன் தோளுக்குப் பக்கத்துல இன்னொரு தலை இருக்கும். அதுக்குத்தான நீ அந்த நோட்டு வச்சிருந்த, ராத்திரி பூரா ஆறிக் கிடந்த பேரல்லருந்து போற முதல் குண்டு எங்க பட்டுச்சுன்னு தேதி, வெயில், காத்து எல்லாம் பொடி எழுத்துல எழுதி, அந்த முதல் குண்டை மட்டும் தனியா வட்டம் போட்டு வச்சிருப்ப. பரீட்சைக்குக் கூட நீ அப்படி எழுதினதில்ல. கண்ணாடி வழியா சுட்டா குண்டு விலகும்னு கார் கண்ணாடியெல்லாம் வச்சு பழகறதா வேற சொன்ன.

மியூனிக் கதையை அப்பாவே தான் எனக்கு சொன்னாரு. 1972 ஒலிம்பிக்ஸ்ல இஸ்ரேல் டீம் ஆளுங்களை பணயமா பிடிச்சாங்கல்ல, அவங்களைச் சுட விமானப்படைத் தளத்துல போலீஸ் நிறுத்தினது அஞ்சே பேரை, எதிர்ல எட்டுப் பேரு. அந்த அஞ்சு பேருக்கும் ஸ்னைப்பர் ட்ரெயினிங் கிடையாது, துப்பாக்கில தூரத்தைக் கிட்டக் காட்டற ஸ்கோப் கிடையாது, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க ரேடியோ கூட கிடையாது. அங்க கொண்டு வந்த ஒம்பது பணயக்கைதியும் செத்தாங்க, ஒரு போலீஸ்காரரும் போனாரு. அதுக்கப்புறம்தான் ஜெர்மனிக்காரன் ஜிஎஸ்ஜி 9ங்கற தீவிரவாதிங்களை எதிர்க்கற போலீஸ் படையை ஆரம்பிச்சான், போலீஸ் வேலைக்குன்னே பிஎஸ்ஜி 1னு, சுட்டதும் அடுத்த குண்டு தானா ஏறற ஒரு செமி ஆட்டோ ரைஃபிளும் வந்துச்சு. அது 7 கிலோவுக்கு மேல இருக்குமாம், காலி தோட்டா எங்கயோ தள்ளிப் போய் விழுமாம், "அதைத் தூக்கிட்டு மலை ஏறுவானா எவனாவது, ஒளிஞ்ச இடமும் காட்டிக் குடுத்துடும்"ம்பாரு அப்பா. வண்டிலருந்து இறக்கி மாடில வைக்கறவனுக்கு எடை எதுக்குங்கன்னு நான் கேட்டேன், பதில் வரல. நூறு மீட்டர் லேசுன்னா மியூனிக்ல ஏன் அப்படி ஆச்சுன்னும் கேட்டேன், அதுக்கும் வரல.

குண்டு கூட வேறயாமே. உடம்புக்குள்ள போய் விரியற குண்டு போர்ல கூடாதுன்னு 1899லயே ஹேக்ங்கற ஊர்ல பல நாடுங்க கூடி எழுதி வச்சிருக்காங்க, ஆனா பல நாட்டு போலீஸ் அதைத்தான் வச்சிருக்கு. முதல்ல கேட்டப்ப வயித்தைக் கலக்குச்சு. துளைச்சுக்கிட்டு வெளிய வந்து பின்னாடி நிக்கற குழந்தை மேல பட்டுடக் கூடாதுன்னு தான்னதும் சரின்னு பட்டுச்சு. ஆனாலும் நைட்டு தூக்கம் வரல.

நேரத்துக்கு சாப்பிடு.

அப்பாவுக்குப் புரியாத ஒண்ணு இருக்கு தம்பி. அவங்க சுட்டுட்டு இடம் மாறிடுவாங்க, அந்த ஆளு யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. நீ மணிக்கணக்கா ஸ்கோப்ல அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு, அவன் உக்காந்தான் எழுந்தான் ஜன்னல்கிட்ட வந்தான்னு சொல்லிக்கிட்டே இருக்கணும், பேச்சுவார்த்தை பண்றவரு அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கெஞ்சறதும் உன் காதுல விழும். முக்கால்வாசி நாள் சுடாமலே முடிஞ்சு, மரத்துப்போன காலோட வீட்டுக்கு வந்துடுவ. சுட்ட அன்னைக்குத்தான் விசாரணை, ரிப்போர்ட், கோர்ட்டு, ஒரு குண்டுக்கு எத்தனை பேருக்கு பதில் சொல்லணும். அப்புறம் அதே ஊர்ல அதே ரோட்ல போய் வரணும். கேக்கலடா, கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல.

பெருமையா இல்லாமலா இருக்கு. ஆனா பெத்தவகிட்ட ஒரு வார்த்தை பேச முடியாத அளவுக்கு என்னடா வேலை?

டிபார்ட்மெண்ட்ல மனசுக்குப் பாக்கற டாக்டர்கிட்ட போகச் சொல்லியிருந்தா போ. கையெழுத்து போட்டுட்டு வந்துடாத, உக்காந்து பேசு. தூங்கு. சாப்பிடு.

ஞாயித்துக்கிழமை அப்பா அங்க வர்றேங்கறாரு. ரைஃபிள் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருக்கேன், சரின்னுட்டாரு. வேணாம்னா ஒரு மெசேஜ் போடு, வரட்டும்னாலும் போடு, டிக்கெட் எடுக்கணும்.

அம்மா